முடிஞ்சு வெச்ச பணம்

அங்க வேண்டாங்க, அந்தச் சீட்டு வேண்டாங்க. காலியாட்டந்தான் தெரியும். காலி இல்லீங்க, அதுக்குக் காசு கட்டியிருக்குது. இங்க வாங்க, எம் பக்கத்துல உக்காருங்க. எங்கூட்டுக்காரரு சீட்டு இது, அவரு வரல. பையக் காலுக்கடியில வெச்சுக்குங்க. உங்க பஸ்ஸு நடுரோட்டுல நின்னுபோச்சுன்னு டிரைவர் சொன்னாரு, நாந்தான் ஏத்திக்கச் சொன்னேன். ராமநாதபுரந்தானுங்களே? நாங்களும் அந்த வழியாத்தான் ராமேசுரம் போறோம். காசெல்லாம் ஒண்ணும் வேண்டாங்க. உள்ள வெய்யுங்க பர்ஸ.

டீச்சருங்களா? அப்ப நெம்பச் செரி. நாயந் தெரிஞ்சவிய ஒருத்தருகிட்ட இதச் சொல்லோணும்னு காலையில இருந்தே இருக்குதுங்க. எங்க ஆளுககிட்டச் சொல்ல முடியாது. நீங்க எறங்கிப் போயிருவீங்க, உங்ககிட்டச் சொல்றதுல ஒண்ணுமில்ல.

எம்பேரு துளசிமணி. திருப்பூரு. பனியன் கம்பெனியில செக்கிங்ல இருவத்தி ரெண்டு வருசமா இருக்கறேன். இந்த பஸ்ஸுல வர்றது பூராவும் எங்க லைன் ஊட்டுக்காரங்க. ஒரே காம்பவுண்டு, பதினாறு ஊடு, ஒரே கொழா. இந்த டூரு ஏற்பாடு மொத்தமும் நானுங்க. அஞ்சு நாளு. ராமேசுரம், திருச்செந்தூரு, கன்னியாகுமரி. பஸ்ஸு, ரூமு, மூணு வேளைச் சோறு, டீ, உண்டியல்ல போடற காசு மொதக்கொண்டு எங்கிட்ட இருக்குது. ஒருத்தரும் எங்கயும் பர்ஸத் தொறக்க வேண்டியதில்ல. கையில காசு வாயில தோசைன்னு சும்மாவா சொன்னாங்க. நீங்களே திரும்பிப் பாருங்க, யாரு மூஞ்சிலயாச்சும் காசுக் கவலை தெரியுதுங்களா?

நாலு வருசத்துக்கு முந்தி இப்படி இல்லீங்க. வர்றது வரட்டும்னு ஒரு வேன் புடிச்சுத் திருச்செந்தூரு போனோம். ரெண்டாம் நாளே காசு தீந்துபோச்சு. ரூமுக்குக் குடுக்க இல்லாம மண்டபத்துல படுத்தோம். அதா, பின்னால பச்சைச் சீலை கட்டியிருக்கறாளே, சாந்தாமணி, அவ காதுத் தோட்டக் கழட்டி அந்த ஊருலயே அடகு வெச்சா. நானும் எங்கூட்டுக்காரரும் ஒரு எளநிக்காகச் சண்டை போட்டு, நாலு பேரு பாக்க என்னைய அடிக்கக் கை ஓங்கிட்டாரு. சாமியப் பாத்தியான்னு கேட்டா, பாத்தேன். என்ன வேண்டிக்கிட்டேன்னு கேட்டா, வேனுக்கு டீசல் போடக் காசு வேண்டுனனுங்க. அன்னிக்குத்தான் முடிவு பண்ணுனேன், இனி மொதல்ல காசு, பொறவுதான் பயணம்னு.

ஆளுக்கு மாசம் ஐநூறு. இருவது பேரு. பதினாறு மாசம். போன வருசம் ஜனவரியில ஆரம்பிச்சோம். பேங்க்குல போடலாம்னு ஒருத்தி சொன்னா. பேங்க்குல போட்டா நாளைக்கே ஒரு அவசரம்னு போயி எடுப்பீங்க, அவசரம் இல்லாத ஊடு எங்கடி இருக்குதுன்னு நாந்தான் தடுத்தேன். சாமிக்கு முடிஞ்சு வெச்சரலாம்னேன். நம்மள்ள பழக்கமிருக்குதுங்களே, கொழந்தைக்குக் காச்சல்னா ஒத்த ரூவாய மஞ்சத்துணியில முடிஞ்சு படத்துக்கு முன்னால வெச்சுருவோமே. அந்த ரூவாய எவனாச்சுந் தொடுவானா? பட்டினி கெடந்தாலுந் தொடமாட்டான். அதே மாதிரிதான். ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி எல்லாருக்கும் முன்னால பத்தாயிரத்த எண்ணி, மஞ்சத்துணியில மூட்டையா முடிஞ்சு, மாரியாத்தா படத்துக்கு முன்னால வெச்சுக் கும்புட்டு, என்ர டிரங்குப் பொட்டியில போட்டுப் பூட்டிருவேன். கெளம்பற அன்னிக்கு ஆத்தாளுக்கு முன்னாலதான் அவுக்கோணும். எடையில அவுத்தாச் சாமி குத்தம். ஒருத்தி மூச்சு விடோணுமே? ஒரு மாசம் ஒருத்தி பாக்கி வெக்கலீங்க.

துணிக்குச் சாயம் ஏத்திக் கொண்டாந்து குடுத்தது அழகுராசு. அதா, சன்னலோரமா உக்காந்திருக்கறாளே, உங்கள உக்கார வேண்டாம்னேனே அந்தச் சீட்டுக்குப் பக்கத்துல, வெள்ளத்தாயி. அவ புருசன். கோயில்பட்டிப் பக்கத்து ஆளுங்க ரெண்டு பேரும். அவனுக்குச் சாயப்பட்டறையில வேலை, அவ எங்க செக்கிங்லதான். மாசாமாசம் முடிச்சுப் போடறதும் அவந்தான். பட்டறையில மூட்டைக்குப் போடற முடிச்சாமா, வால் ரெண்டும் உள்ள போயிரும், வெளிய தும்பே தெரியாது. "துளசியக்கா, இத அவுக்க எனக்கு மட்டுந்தான் தெரியும். கெளம்புத அன்னைக்கு என்னைய விட்டுட்டுப் போனீகன்னா காச வெளிய எடுக்க முடியாது"ம்பான். சிரிச்ச மூஞ்சி. கல்யாணமாகிப் பன்னெண்டு வருசத்துல பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு எங்கயும் போனதில்லையாமா. அஞ்சு நாளு பர்ஸத் தொறக்காம ராசாவாட்டம் போயிட்டு வரணும்க்கான்னு மாசாமாசம் முடிச்சுப் போடறப்பச் சொல்லுவான்.

இந்த ஜனவரி கடைசிலங்க. பதிமூணாவது மூட்டை முடிஞ்சாச்சு. நா மத்தியானச் சோத்துக்கு ஊட்டுக்கு வந்திருந்தேன். தட்டுல கையி வெச்சிருக்கறேன், வெள்ளத்தாயி ஓடியாறா, காலுல செருப்பில்ல.

"யக்கா, அவுகளுக்கு நெஞ்சு அடைக்குதுன்னு ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன். ரத்தக் கொழாயில அடைப்பாம். இன்னைக்கே செய்யணும், நாப்பதாயிரம் கட்டுன்னு சொல்லுதாக. கம்மல், கொலுசு, எல்லாத்தையும் வச்சு இருவத்தேழு தேத்திட்டேன். எங்க ரெண்டு பேரு டூர்க் காசு பதிமூணு இருக்குல்லா. அதக் குடுங்கக்கா. நாங்க டூருக்கு வரல."

கணக்குச் செரியாத்தானுங்க இருந்துச்சு. இருவத்தேழும் பதிமூணும் நாப்பது.

நா சொன்னேன், "கண்ணு, அது சாமி காசு. இன்னிக்கு உனக்கு அவுத்தா நாளைக்கு அவளுக்கு அவுக்கோணும். இருவது பேரு காசு. எல்லாரையும் கேக்காம நாந் தொட முடியாது"ன்னேன். எல்லாருந்தான் கம்பெனிக்குப் போயிட்டாங்களே, யாரக் கேக்கறது? அவ காலப் புடிச்சா. எனக்கு இந்தக் காலப் புடிக்கற ஓரியாட்டமெல்லாம் ஆகாதுங்க. அப்பத்தான் ஒரு வார்த்தை சொன்னேன். "முடிஞ்சு வெச்சத எடையில அவுத்தா அந்தப் பாவம் உன்ர புருசன் தலையிலதான் வந்து விடியும்"னேன்.

அவ டக்குனு கையி எடுத்துட்டா. வாயப் பொத்திக்கிட்டு, "வேண்டாம்க்கா, அவுக்காதீக, அவுக்காதீக"ன்னு சொல்லிக்கிட்டே போயிட்டா.

காசு பத்தலைன்னு கோயமுத்தூரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸுல ஏத்துனாங்க. அவிநாசி தாண்டலீங்க. நாப்பத்தி ரெண்டு வயசு.

நா என்ன கல்லுங்களா? நானும் அழுதேன். மாலை நாந்தான் வாங்கியாந்தேன். பந்தலுக்கு, சேருக்கு, வந்தவியளுக்கு டீக்கு, எல்லாம் என்ர கைக்காசு. இன்னி வரைக்கும் அதத் திருப்பிக் கேக்கல. இதையெல்லாம் யாரு நெனச்சுப் பாக்கறாங்க? நல்லதுக்குக் காலமில்லீங்க.

பிப்ரவரி ஒண்ணாந்தேதி, அவன் போயி நாலு நாளுகூட ஆகல, வெள்ளத்தாயி ஆயிரம் ரூவாயக் கொண்டாந்து நீட்டறா. ஐநூறு போதும் கண்ணுன்னேன். இல்லக்கா, ரெண்டு பேருக்குந்தான்னா. அவந்தான் இல்லையேன்னேன்.

"அன்னைக்கு நா அவுக்கச் சொல்லி வாயத் தொறந்தேம்லா, அதுலதான் அவுக போயிட்டாகன்னு இருக்குக்கா. மிச்ச மாசத்தையும் கட்டி முடிச்சிருதேன். சாமி குத்தம் தீரட்டும்."

அப்ப நா ஒண்ணு சொல்லியிருக்கோணும். அப்படியெல்லாம் இல்ல, நீ கேட்டதுல ஒரு தப்புமில்லன்னு சொல்லியிருக்கோணும். சொல்லலீங்க. வாங்கி எண்ணி முடிஞ்சு வெச்சுட்டேன். நம்பிக்கை அவளுக்கு ஆறுதலா இருந்தா இருந்துட்டுப் போகுதுன்னு நெனச்சேன். மூணு மாசமும் அப்படித்தான் கட்டுனா. ராத்திரி சிப்ட்டும் சேத்துப் பாத்து, செத்த புருசனுக்கு டூர்க் காசு கட்டுனா.

இன்னிக்கு வெடிகாலம் பஸ்ஸுல ஏற வர்றா, கையில ஒரு துணிப்பை. பையில அஸ்திச் சட்டி. இத்தன நாளாக் கொல்லைப்பக்கத்து வேப்பமரத்துல கட்டித் தொங்க விட்டிருந்தா. அதைய அவன் சீட்டுல வெச்சுட்டுப் பக்கத்துல உக்காந்துட்டா. நல்ல காரியமாப் போற வண்டியில இதென்னடின்னேன். எல்லாரும் எம்மேல பாயறாங்க. சாந்தாமணி சொல்றா, "காசு கட்டுன சீட்டு. அவ புருசன் உக்காந்துட்டு வர்றான். உனக்கென்ன எடஞ்சலு?"ங்கறா. செரி, வரட்டும்னு வண்டிய எடுக்கச் சொன்னேன்.

ஆனா நல்லா ரோசிச்சுப் பாருங்க டீச்சரு. அன்னிக்கு நா அந்தக் காசக் குடுத்திருந்தா, இன்னிக்கு அவ ராமேசுரம் வந்து கடல்ல கரைக்க முடியுங்களா? அஞ்சு பைசாக் கவலை இல்லாம கரைச்சுட்டு வருவா. அதுக்கு யாரு காரணம்?

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

தண்ணி குடிக்கறீங்களா? செத்த இருங்க, முழுசையுஞ் சொல்லிர்றேன். சொல்லாம எறங்க உட்டா எனக்குத்தான் நெஞ்சடைக்கும்.

ஏறறதுக்கு முந்தி, அஞ்சு மணிக்கு, டிரங்குப் பொட்டிய ஆத்தா படத்துக்கு முன்னால வெச்சுத் தொறந்தேன். பதினாறு மூட்டை, வரிசையா. மத்தவிய எல்லாம் சாமான் ஏத்தப் போயிட்டாங்க, ஊட்டுக்குள்ள நானும் அவளுந்தான். அவ எம் பக்கத்துல வந்து மெதுவாக் கேட்டா, "யக்கா, மொத மாசத்து மூட்டைய மட்டும் அவுக்காம எங்கிட்டத் தாங்க. முடிச்சுக்குக் கீழ கத்தரிச்சுப் பணத்தக் குடுத்திருதேன். அந்த முடிச்சு மட்டும் எனக்கு வேணும். அவுக கை பட்டது. அஸ்தியோட சேத்துக் கடல்ல விட்டிருதேன்"னு. கையிலயே பிசிறு வெட்டற கத்திரிய வெச்சிருந்தா. கம்பெனிக் கத்திரி.

எனக்கு அந்தரத்துல நிக்கறாப்பல ஆயிருச்சுங்க.

அவ எடுத்தா. திருப்பிப் பாத்தா. கீழ வெச்சுட்டு ரெண்டாவத எடுத்தா. மூணாவத எடுத்தா. பதிமூணையும் ஒண்ணொண்ணா வெளக்கு வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா. எல்லாத்துலயும் வாலு வெளிய தொங்குது. ஊருல எல்லாரும் போடற முடிச்சு. பொறவு என் மூஞ்சியப் பாத்து ஒரே ஒரு வார்த்தை கேட்டா.

"இதெல்லாம் எப்பக்கா அவுத்தீக?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு, பேசாம வாடின்னேன். வேற என்னத்தங்க சொல்றது?

என்ர மருமவன் பொங்கல் முடிஞ்சு மூணாம் நாளு வந்தானுங்க. சொந்தமா யூனிட் போடறான், பனியன் தைக்கற ஓவர்லாக் மிஷினு ரெண்டு வருது, அட்வான்ஸு கட்டலீன்னா வேற ஆளுக்குப் போயிரும்னான். அத்தே, ரெண்டே மாசம், மார்ச்சுல வெச்சர்றேன்னான். எம் பொண்ணு வாசல்ல நின்னு கண்ணக் கசக்குது. ஒரு மத்தியானம் பூரா கதவச் சாத்திக்கிட்டு, கோணூசிய வெச்சு அந்த முடிச்சுகள நோண்டுனேன். எளுசா அவுக்க உடலீங்க அவன் முடிச்சு. நகம் பேந்துபோச்சு. பதிமூணையும் அவுத்தேன். ஒரு லட்சத்தி முப்பதாயிரம். அவ வந்து காலப் புடிச்ச அன்னிக்கு அந்தப் பொட்டியில வெறுந்துணிதானுங்க இருந்துச்சு.

திருடுனனா நானு? மார்ச்சு மாசம் ஒத்த ரூவா கொறையாம திரும்பி வந்துச்சு. நாந்தான் எண்ணி, நாந்தான் திருப்பி முடிஞ்சேன். அவனாட்ட முடிச்சு எனக்குப் போடத் தெரியாது. காசு செரியா இருந்தாச் செரி, முடிச்ச யாரு பாக்கப் போறாங்கன்னு இருந்துட்டேன். மருமவனும் நல்லா வந்துட்டானுங்க, இப்ப ஆறு மிஷினு ஓடுது. எங்கூட்டுக்காரரு அங்கதான் ஆள் பாத்துக்கறாரு, அதனாலதான் டூருக்கு வரல.

அப்பப் பொட்டியில இல்லீன்னா வேற எங்கயாச்சும் பொரட்டிக் குடுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. கேக்காட்டியும் உங்க மூஞ்சி கேக்குது. என்ர கழுத்துல நாலு பவுனு கெடந்துச்சுங்க. இதா, இதேதான். இதக் கழட்டிக் குடுத்திருக்கலாம். இப்பத் தோணுது. அன்னிக்கு நெசமாலுமே தோணலீங்க. அவ காலப் புடிச்சுக்கிட்டு அழுவறா, எனக்கு, பொட்டியத் தொறக்கச் சொல்லிருவாளோ, தொறக்கச் சொல்லிருவாளோன்னு அது ஒண்ணுதான். அந்தப் பயத்துலதான் வாயில அந்த வார்த்தை வந்துச்சு. அத அவ இப்படி நம்புவான்னு நாங் கண்டனா? கேட்டதுனால புருசனக் கொன்னுட்டேன்னு மூணு மாசமா அவ கும்புட்டுக்கிட்டிருந்தா. நா அவுத்து ரெண்டு வாரத்துல போனான் அவன். சாமி குத்தம்னா அது யாரு குத்தம்? ஆனா அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. சாமி அப்படியெல்லாம் பாக்காது. பாக்குங்களா?

அவ திட்டோணுங்க. எம் மயிரப் புடிச்சு ஆட்டோணும். நானும் பதிலுக்குப் பதில் பேசி, அழுது, முடிஞ்சிருக்கும். அது கெடையாது. மொத மூட்டைய எடுத்து, முடிச்சுக்குக் கீழ கத்திரியப் போட்டு வெட்டி, பத்தாயிரத்தையும் எண்ணி என்ர கையில வெச்சா. நாம் போட்ட முடிச்ச முந்தானையில சொருகிக்கிட்டா. போயி பஸ்ஸுல உக்காந்துட்டா. அவ்வளவுதான். ஒட்டன்சத்தரத்துல டீக்கு எறங்குனோம், எல்லாருக்கும் நா வாங்கிக் குடுத்தேன். அவ மட்டும் அக்கட்டாலப் போயி, சுருக்குப்பையத் தொறந்து, சொந்தக் காசுல ஒரு டீ வாங்கிக் குடிக்கறா. பர்ஸத் தொறக்க வேண்டாம்னுதானுங்க இத்தன பாடும். எனக்கு அதப் பாக்கப் பாக்கப் பத்திக்கிட்டு வருது. இன்னும் அஞ்சு நாளு இருக்குது. இதே பஸ்ஸு, இதே ரூமு, இதே சோறு. இவ பேசாமயே வந்தா நா எப்படிங்க வர்றது?

பரமக்குடி தாண்டியாச்சுங்களா. காத்துல உப்பு வாசம் வருது பாருங்க.

ஏனுங்க, பின்னால பேச்சே கேக்கல? இத்தன நேரம் கலகலன்னு இருந்தாங்களே. டீச்சரு, நா திரும்பிப் பாக்க மாட்டேன். நீங்க சீலையச் சரி பண்றாப்பல எந்திரிச்சு, அப்படியே ஒருவாட்டிப் பாருங்க. வெள்ளத்தாயி அவ சீட்டுல இருக்கறாளா?

இல்லைங்களா. சட்டி மட்டும் இருக்குதுங்களா. அவ எங்க?

சாந்தாமணிகிட்டயா? கையில என்ன? மஞ்சளா இருக்குதுங்களா? சின்னதா? யாரு கையில இருக்குது இப்ப, அவ கையிலயா, சாந்தாமணி கையிலயா?

செரி, உக்காருங்க. உக்காந்துக்குங்க. என்னைய மறைச்சாப்பல இந்தப் பக்கமா உக்காருங்க.

டீச்சரு, ராமநாதபுரத்துல எறங்கி என்ன பண்ணப் போறீங்க? இன்னிக்கு லீவுதானுங்களே? ராமேசுரம் வரைக்கும் எங்கூட வாங்களேன். ஒரு நாளு. கடலப் பாத்துட்டு, சாமியக் கும்புட்டுட்டு, சாயங்காலம் நானே பஸ்ஸு ஏத்தி உட்டர்றேன். சோறு, ரூமு, டிக்கெட்டு எல்லாம் நாம் பாத்துக்கறேன். எங்கிட்ட நெறையா மிச்சமிருக்குதுங்க. காசப் பத்தி மட்டும் நீங்க கவலையே படாதீங்க.